சட்டையில் ஒரு மஞ்சள் பூ

சில வருஷங்களுக்கு முன்னால் ஆகஸ்டு மாதக் கடைசியில் நான் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் உள்ள அடிலெய்டு நகரத்துக்குப் போயிருந்தேன். என் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே குடியேறிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. நமக்கு ஆவணி வெயில் முதுகில் உறைக்கும் காலத்தில் அங்கே குளிர்காலம் முடிகிறது. காலையில் எழுந்தால் வாயைத் திறக்கும்போதெல்லாம் புகை வரும். பேரன் பள்ளிக்கூடம் போன பிறகு ஜன்னல் ஓரமாக வெயில் விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவே என் உத்தியோகம்.

செப்டம்பர் முதல் தேதி சாயங்காலம் பேரன் பள்ளியிலிருந்து வந்தான். சட்டையில் ஒரு சின்னக் கொத்துப் பூவைக் குத்தியிருந்தான். மஞ்சள் நிறத்தில், பஞ்சு உருண்டைகளைக் கோத்த மாதிரி, ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"தாத்தா, இன்னிக்கு வாட்டில் டே! இது எங்க தேசியப் பூ" என்றான்.

நான் அதை வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடே, இது எங்கள் ஊர் வேலம்பூ அல்லவா?" என்றேன்.

பேரனுக்கு அது பிடிக்கவில்லை. தேசியப் பூ என்று அவனுடைய டீச்சர் சொன்ன ஒன்றை, கிழவன் ஒருவன் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் கிடக்கிற பூ என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? "இல்லை, இது ஆஸ்திரேலியாவில் மட்டும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று மாலையே அடுத்த வீட்டு மூதாட்டி என் கையில் அந்தக் கொத்தைப் பார்த்தாள். "அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆகாது என்று என் பாட்டி சொல்லுவாள்" என்றாள். தேசியப் பூவாக இருந்தாலும் அதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது! நம் ஊர்ப் பாட்டிமார் உலகம் முழுவதும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பூவை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு வாசல் திண்ணைமேல் வைத்தேன். ஆனால் மனத்துக்குள் பேரன் சொன்னதும் நான் சொன்னதும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தன. யார் சொன்னது சரி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டதில் ஒரு தேசத்தின் சரித்திரமே அகப்பட்டது. அதைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். பொன் வாட்டில் என்று அதற்குப் பெயர். பெரிய மரம் ஒன்றும் அல்ல. மூன்று மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் வரையில் வளரும். கருவேல மரத்துக்கு இருப்பதுபோல் சீப்புச் சீப்பான சிற்றிலைகள், வளர்ந்த மரத்தில் கிடையாது. இலைக்காம்பே தட்டையாகி, அரிவாள்போல் வளைந்து, இலையின் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு மஞ்சள் உருண்டையும் ஒரு பூ என்றுதான் நாம் நினைப்போம். அது ஒரு பூ அல்ல. நாற்பதிலிருந்து நூறு வரையில் சின்னஞ்சிறு பூக்கள் ஒன்றாகக் கூடித்தான் ஒரு பொட்டுப்போல் உருண்டு நிற்கின்றன. 1842-ம் வருஷம் லண்டனில் ஜார்ஜ் பெந்தம் என்ற தாவர சாஸ்திரி இதற்கு 'அக்கேசியா பிக்நாந்தா' என்று பெயர் வைத்தார். பின்பாதிக்கு அடர்ந்த பூ என்று அர்த்தம். முன்பாதியில் ஒரு வழக்கே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

'வாட்டில்' என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1788-ம் வருஷம் பிரிட்டிஷ் சர்க்கார் தங்கள் சிறைகளில் இடம் போதாமல், கைதிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சிட்னித் துறையில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறங்கியவர்களுக்குத் தலைக்குமேல் கூரை வேண்டும். நம் கிராமங்களில் மிலாறுகளைப் படலாகப் பின்னி அதன்மேல் மண்ணை அப்பிச் சுவர் வைப்போம் அல்லவா? இங்கிலாந்திலும் அந்த வழக்கம் உண்டு. பின்னுகிற படலுக்கு அவர்கள் பாஷையில் வாட்டில் என்று பெயர். கையருகே கிடைத்த ஒரு மரத்தின் கிளைகளை வெட்டிப் படல் பின்னினார்கள். மரத்துக்கும் வாட்டில் என்றே பெயர் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் மரம் வேல மரத்துக்கு உறவே இல்லாத வேறொரு குலத்து மரம். அதன் பூவும் உருண்டையாகத்தான் இருக்கும். பிறகு அந்தப் பெயர், பூவின் சாயலைப் பற்றிக்கொண்டோ, படலுக்கு உதவிய குணத்தைப் பற்றிக்கொண்டோ, தேசம் முழுவதிலும் உள்ள வேல இனத்து மரங்களுக்கெல்லாம் பரவிவிட்டது. அப்படிப்பட்ட மரங்கள் அந்தக் கண்டத்தில் ஏறக்குறைய ஆயிரம் வகை இருக்கின்றன.

கப்பலில் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள் என்று எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் அந்த மரத்துக்குப் பெயரே இல்லையா? இருந்தது. ஒரு பெயர் அல்ல, நூற்றுக்கணக்கான பாஷைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள். அந்நாட்டின் பழங்குடி மக்கள் ஐம்பதாயிரம் வருஷங்களுக்கு மேலாக அந்த மண்ணில் வாழ்கிறவர்கள். பல வகை வாட்டில்களின் விதையை வறுத்து, கல்லில் அரைத்து, மாவாக்கி, அடை தட்டிச் சாப்பிட்டார்கள். பிசினைத் தின்றார்கள், அதையே ஆயுதத்துக்குப் பிடி ஒட்டவும் வைத்துக்கொண்டார்கள். கட்டையில் ஈட்டியும் எறிவளையும் செய்தார்கள். எந்த மரம் எப்போது பூக்கிறது என்பதைக் கொண்டு பருவம் அறிந்தார்கள். அதாவது அந்த மரம் அவர்களுக்குச் சோறு, கருவி, பஞ்சாங்கம் மூன்றுமாக இருந்தது. சின்னமாக அதைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. வீட்டில் இருக்கிறவன் தன் வீட்டு விலாசத்தைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

விலாசம் வேண்டியிருந்தது வந்தவர்களுக்குத்தான். வந்தவர்களுக்குக்கூட அல்ல, அவர்கள் மனம் கடைசிவரையில் இங்கிலாந்திலேயே இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான் வேண்டியிருந்தது. தாத்தா சொல்லும் பனியும் ஓக் மரமும் ரோஜாவும் அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவை அல்ல. அவர்கள் பார்த்தது குளிர்காலம் முடியும்போது மலைச்சரிவெல்லாம் பற்றிக்கொண்ட மாதிரி மஞ்சளாகப் பூக்கும் இந்த மரத்தை. 1838-ம் வருஷமே டாஸ்மேனியாத் தீவில் ஹோபார்ட் நகரத்து விழா ஒன்றில், வெள்ளி வாட்டில் கிளையை அணிந்து வரும்படி ஜனங்களுக்கு யோசனை சொன்னார்கள். ஆனால் வாட்டிலை மட்டும் அணிய மனம் வரவில்லை. இங்கிலாந்தின் ஓக் இலையையும் அதோடு சேர்த்துப் பின்னிக்கொள்ள வேண்டும் என்றார்கள். பிறந்த வீட்டையும் விட முடியாமல் புகுந்த வீட்டையும் தள்ள முடியாமல் நிற்கும் புதுப் பெண்ணின் நிலைமை!

அரை நூற்றாண்டு கழிந்தது. அடிலெய்டில் வில்லியம் சௌடன் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். அவர் தூண்டுதலால் 1890-ம் வருஷம் 'வாட்டில் மலர்ச் சங்கம்' என்று ஒன்று ஏற்பட்டது. பெண்களிடையே தேசபக்தியை வளர்ப்பது அதன் நோக்கம். பெண்கள் முக்கியமான நாட்களில் வாட்டில் கொத்தை அணிந்து வர வேண்டும். சங்கம் நீடிக்கவில்லை, ஆனால் விதை விழுந்துவிட்டது.

இந்தச் சங்கத்துக்குத் தாய்ச்சங்கம் ஒன்று உண்டு. அதன் பெயரைக் கேட்டால் நேயர்கள் திடுக்கிடுவீர்கள். 'ஆஸ்திரேலியச் சுதேசிகள் சங்கம்' என்பது அதன் பெயர். 1871-ல் மெல்போர்னில் தொடங்கியது. சுதேசிகள் என்றால் பழங்குடி மக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மண்ணில் பிறந்த வெள்ளைக்காரர்களுக்கான சங்கம் அது. ஐம்பதாயிரம் வருஷமாக இருப்பவர்களுக்கு அதில் இடம் கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலிலிருந்து இறங்கியவரின் பிள்ளை சுதேசி! 'சுதேசி' என்ற சொல்லை உயிராக எண்ணிச் சிறை சென்ற மனிதர்களின் தேசத்திலிருந்து போன எனக்கு, இதைப் படித்தபோது அந்தச் சொல்லை யாரோ சந்தையில் மாற்றி விற்றுவிட்ட மாதிரி இருந்தது.

ஆனாலும் அந்த மனிதர்களின் ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். தான் பிறந்த மண்ணைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள விரும்புவது இயல்பான ஆசை. மெல்போர்னில் ஆர்ச்சிபால்டு காம்ப்பெல் என்று ஒரு பறவை ஆராய்ச்சியாளர் இருந்தார். அவர் 1899-ல் வாட்டில் கிளப் ஒன்றை ஆரம்பித்தார். செப்டம்பர் மாதத்தில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் போய் வாட்டில் பூத்திருப்பதைப் பார்த்து வருவது அதன் முக்கியமான காரியம். பூப் பார்ப்பதற்காகக் காட்டுக்குப் போகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு.

1901-ல் ஆறு குடியேற்ற நாடுகளும் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே தேசமாயிற்று. அதே வருஷத்தில் வெள்ளையரல்லாதார் குடியேறாமல் தடுக்க ஒரு சட்டமும் வந்தது. என் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காலத்தில் போயிருந்தால் கப்பலிலிருந்து கால் தரையில் படுவதே பெரும்பாடாக இருந்திருக்கும். அந்தக் கொள்கையின் கடைசிச் சுவடுகளை 1973-ல்தான் அழித்தார்கள். புதிய தேசத்தின் ஜனத்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடி மக்களைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதை நீக்க 1967 வரையில் ஆயிற்று. தேசத்துக்கு வாட்டில் பூ வேண்டும். அந்தப் பூவை முதலில் அறிந்தவர்கள் கணக்கில் வேண்டாம்.

1909-ல் சிட்னியில் வாட்டில் தினச் சங்கம் கூடியது. அந்நகரத் தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் மெய்டன் அதற்கு முன்னின்றார். 1910-ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு மூன்று நகரங்களிலும் முதல் வாட்டில் தினம் கொண்டாடினார்கள்.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தேசியப் பூவுக்கு இன்னொரு வேட்பாளரும் இருந்தது. வாரட்டா என்று ஒரு பூ. செக்கச் செவேலென்று தாமரை மொட்டுப்போல் பெரிதாக இருக்கும். சிட்னித் தொழில்நுட்பக் காட்சிசாலையின் ரிச்சர்டு பேக்கர் அதற்காக வாதாடினார். அவருடைய கட்சி இதுதான்: வாட்டிலின் இனம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது, ஆசியாவில் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிறது. வாரட்டாவோ ஆஸ்திரேலியாவைத் தவிர வேறு எங்கும் கிடையாது. தேசியச் சின்னம் என்றால் நமக்கே உரியதாக இருக்க வேண்டாமா?

இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் பேரனிடம் சொன்ன கட்சியை நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் எனக்காகப் பேசியிருக்கிறார்! ஆனால் அவர் தோற்றுப் போனார். காரணம் சுலபமானது. வாரட்டா தேசத்தின் ஒரு மூலையில்தான் பூத்தது. வாட்டிலோ ஏதாவது ஒரு வகையில் எல்லா மாகாணத்திலும் இருந்தது. ஏழை வீட்டு வேலியிலும் பூத்தது. பறித்து அணியக் காசு வேண்டியதில்லை. அழகில் வென்றிருக்க வேண்டியது வாரட்டாதான். வாக்கு எப்போதும் பக்கத்து வீட்டுக்காரனுக்கே விழுகிறது. பிற்பாடு, 1962-ல், வாரட்டா நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் பூவாயிற்று. ஆறுதல் பரிசு என்று வைத்துக்கொள்ளலாம்.

1912-ல் தேசத்தின் அரசச் சின்னத்தில், கேடயத்தைத் தாங்கும் கங்காருவுக்கும் ஈமு பறவைக்கும் பின்னால் வாட்டில் கிளைகளை வரைந்தார்கள். அதுகூட அலங்காரமாக வந்து சேர்ந்ததுதான். சின்னத்தின் சட்டப்படியான அங்கம் அல்ல.

சட்டம் தராத இடத்தை யுத்தம் தந்தது. 1915-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஆஸ்திரேலியப் படை துருக்கியில் கலிப்போலிக் கரையில் இறங்கியது. அந்த எட்டு மாதப் போராட்டத்தில் 8,000-க்கு மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் மாண்டார்கள். அதே வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி, போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, அடிலெய்டின் தென்புறப் பூங்காவில் வாட்டில் தினச் சங்கத்தார் ஒரு வாட்டில் தோப்பை வைத்து, நடுவே ஒரு கல் தூண் நாட்டினார்கள். கலிப்போலிக்கென்று அந்த நாட்டில் எழுந்த முதல் நினைவுச் சின்னம் அதுதான். தூண் இன்றும் அந்நகரத்துத் தென்புறப் பூங்காவில் இருக்கிறது. ஒரு நாள் மாப்பிள்ளை என்னை அங்கே அழைத்துப் போனார். பெரிய தூண் அல்ல. பக்கத்தில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. யாரும் நிற்கவில்லை. நாங்கள் இருவரும் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

அந்த வருஷங்களில் வாட்டில் தினத்தன்று பூக்கொத்தும் பூவடிவ வில்லையும் விற்றுக் காயம்பட்டவர்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் பணம் சேர்த்தார்கள். தாய்மார்கள் கடிதத்துக்குள் ஒரு கொத்தை வைத்து மடித்து யுத்தகளத்துக்கு அனுப்பினார்கள். கப்பலில் வாரக்கணக்கில் போன பூ, உறையைப் பிரிக்கும்போது மஞ்சள் தூளாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வாசனை கொஞ்சம் மிஞ்சியிருந்தால் போதாதா? நம் பழைய மூவேந்தரில் சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போர்க்களத்தில் தன்னைச் சேர்ந்தவன் யார் என்று அறிய அந்தப் பூக்கள் உதவின. மூன்றும் ஊர்ப்புறத்து மரங்கள்தாம்; ஒன்றும் நந்தவனத்துப் பூ அல்ல. ஆபத்துக் காலத்தில் மனிதன் கையில் எடுத்துக்கொள்வது, சின்ன வயதில் தன் வீட்டு வாசலில் பார்த்த பூவைத்தான் போலும்.

யுத்தம் முடிந்து வருஷங்கள் ஆக ஆக, வாட்டில் தினத்தின் உற்சாகமும் குறைந்தது. மரம் மட்டும் ஒழுங்காகப் பூத்துக்கொண்டிருந்தது. 1975-ல் அந்நாட்டுப் பெரும் விருது ஒன்றை ஏற்படுத்தியபோது, ஒற்றை வாட்டில் உருண்டையின் வடிவத்தில் அதன் பதக்கத்தைச் செய்தார்கள். 1984-ல் பச்சையும் பொன்னும் தேசிய நிறங்களாயின. கிரிக்கெட் பார்க்கும் நேயர்களுக்கு அந்த நிறங்கள் நன்றாகத் தெரியும். அவை வாட்டில் இலையையும் பூவையும் நினைவூட்டுகிறவை என்பது தெரிந்திருக்காது. கடைசியாக, 1988-ம் வருஷம் ஆகஸ்டு 19-ம் தேதி கவர்னர் ஜெனரல் சர் நினியன் ஸ்டீபன் கையெழுத்திட, பொன் வாட்டில் சட்டப்படி தேசியப் பூவாயிற்று. செப்டம்பர் முதல் தேதி தலைநகர் கான்பெராவின் தாவரத் தோட்டத்தில் பிரதம மந்திரியின் மனைவி ஹேசல் ஹாக் ஒரு கன்றை நட்டார். 1992-ல் செப்டம்பர் முதல் தேதியைத் தேசிய வாட்டில் தினமாக அறிவித்தார்கள். ஆக, ஜனங்கள் ஏற்றுக்கொண்டு முக்கால் நூற்றாண்டு ஆன பிறகுதான் சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

1988 என்பது கைதிக் கப்பல்கள் வந்து இருநூறாவது வருஷம். தேசமே விழாக் கொண்டாடியது. அந்த ஜனவரி 26-ம் தேதி சிட்னி வீதிகளில் பல்லாயிரம் பழங்குடி மக்களும் அவர்களுடைய நண்பர்களும் ஊர்வலம் போனார்கள். உங்களுக்கு விழா, எங்களுக்குத் துக்க நாள் என்பதுதான் அந்த ஊர்வலத்தின் பொருள். இப்போது சிலர், தேசிய தினத்தை ஜனவரியிலிருந்து எடுத்து வாட்டில் தினத்துக்கே மாற்றிவிடலாம் என்கிறார்கள். கப்பல் வந்த நாள் ஒரு சாராருக்குத்தான் சொந்தம். பூப் பூக்கிற நாள் எல்லாருக்கும் சொந்தம் என்று அவர்கள் வாதிக்கிறார்கள். வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி, பெயர் வழக்குக்கு வருவோம். இதில் நம் ஊர்க் கருவேல மரம் பிரதிவாதி.

'அக்கேசியா' என்ற பெயர் கிரேக்கர்கள் வைத்தது. முள், கூர்முனை என்னும் பொருளிலிருந்து வந்தது. நைல் நதிக்கரையில் இருந்த ஒரு முள்மரத்துக்கு அவர்கள் அப்படிப் பெயரிட்டார்கள். அந்த மரம் வேறு எதுவும் அல்ல. நம் கண்மாய்களில் நிற்கும் நாட்டுக் கருவேலம்தான். அதன் குச்சியில்தான் நாம் பல் துலக்கினோம். அதன் கட்டையில்தான் ஏரும் வண்டிச் சக்கரமும் செய்தோம். அதன் நெற்றைத்தான் ஆடுகள் தின்றன. ஆஸ்திரேலிய மரங்கள் பிற்பாடு அகப்பட்டபோது, உருண்டைப் பூவைப் பார்த்து, அவற்றையும் அதே குடும்பப் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு விஞ்ஞானிகள் நுணுக்கமாக ஆராய்ந்து, இவை ஒரே குடும்பம் அல்ல, பிரிக்க வேண்டும் என்றார்கள். பாகப்பிரிவினை என்றால் சண்டை வராமல் இருக்குமா? பெயர் யாருக்கு? மூத்தவனான கருவேலத்துக்கா? ஆயிரம் பேராகப் பெருகிவிட்ட ஆஸ்திரேலியக் கிளைக்கா? 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மகாநாட்டில் வாக்கெடுத்தார்கள். பெயரை ஆஸ்திரேலியாவுக்குத் தருவதை எதிர்த்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 55 பேர். ஆதரித்தவர்கள் சுமார் 45 பேர். ஆனாலும் ஆஸ்திரேலியா வென்றது! கமிட்டி ஏற்கெனவே சிபார்சு செய்ததைத் தள்ள வேண்டுமானால் நூற்றுக்கு 60 பேர் எதிர்க்க வேண்டும் என்பது விதி. 2011-ல் மெல்போர்னில் கூடிய அடுத்த மகாநாட்டிலும் அதுவே நிலைத்தது. ஆயிரம் மரங்களுக்குப் பெயர் மாற்றுவதைவிடச் சில நூறு மரங்களுக்கு மாற்றுவது சுலபம் என்பது அவர்கள் தரப்பு நியாயம். நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். முள் என்று பொருள்படும் பெயர், பெரும்பாலும் முள்ளே இல்லாத மரங்களுக்குப் போய்விட்டது. முள்ளோடு நிற்கும் நம் கருவேலத்துக்கு 'வாச்செல்லியா' என்று பெயர். மக்காவ் துறைமுகத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் பாதிரியாராக இருந்து செடிகள் சேகரித்த வாச்செல் என்ற ஒருவரின் ஞாபகார்த்தம்! இரண்டாயிரம் வருஷத்துப் பெயரை இழந்த செய்தி கருவேலத்துக்குத் தெரியாது. எங்கள் கண்மாயில் அது தன்பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, பேரன் சொன்னது சரி. நான் சொன்னதும் பழைய கணக்குப்படி சரி என்று ராஜியாகப் போக நினைத்தேன். ஆனால் எனக்கு ஊட்டி ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன் நீலகிரியில் ஒரு மலைச்சரிவின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். சரிவு முழுவதும் ஒரே மஞ்சள் பூ. "ஆஹா!" என்றேன். கூட வந்த வனக்காவலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சீகை மரமுங்க ஐயா. பார்க்க நல்லாத்தான் இருக்கும். இது நிக்கிற எடத்துல புல்லு வராதுங்க. ஒண்ண வெட்டினா நூறு மொளைக்கும். எருமை எங்கே போய் மேயும்? ஓடையில தண்ணி எங்கேருந்து வரும்?"

நீலகிரியில் சீகை என்று சொல்லுவது வாட்டிலைத்தான். அங்குள்ளவை பொன் வாட்டில் அல்ல. அதன் பங்காளிகளான வெள்ளி வாட்டிலும் கறுப்பு வாட்டிலும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகிதக் கூழுக்காகவும் நம் சர்க்காரே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி, பயனற்ற வெற்றுநிலம் என்று கணக்கில் எழுதப்பட்டு, மரக்காடாயிற்று. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் புல்வெளிதான் என்பது பிற்பாடு தெரிந்தது. இப்போது வெட்டி எடுக்கப் படாத பாடு படுகிறார்கள். வாட்டிலின் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் விழித்துக்கொண்டு முளைக்கும்.

தென்னாப்பிரிக்காவிலோ பொன் வாட்டிலேதான் களையாகப் பரவியது. அங்கே அதை அடக்குவதற்காக 1980-களில் ஆஸ்திரேலியாவிலிருந்தே ஒரு சின்னக் குளவியை வரவழைத்து விட்டார்கள். அது பூமொட்டுக்குள் முட்டையிட்டு, பூவாகாமல் முண்டுமுண்டாக வீங்கச் செய்துவிடும். எண்ணிப் பாருங்கள்: ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரு தேசம் அந்தப் பூவுக்குப் பட்டாபிஷேகம் செய்கிறது, இன்னொரு தேசம் அதே பூ மொட்டிலேயே அழியட்டும் என்று குளவியை ஏவுகிறது. மரத்தின்மேல் குற்றம் சொல்ல முடியுமா? அது எங்கே வைத்தாலும் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்கிறது. வந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இடம் விட்டு வாழத் தெரியவில்லை என்பதே அதன்மேல் உள்ள புகார். அந்தப் புகார் மரத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதைச் சரித்திரம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு, தேசியச் சின்னம் என்பதே வெறும் பாசாங்குதானோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அதைப் போக்கியது ஒரு சிறு சம்பவம்.

1999-ம் வருஷம் ஜூலை மாதம் ஸ்விட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே ஒரு மலையோடையில் இளைஞர்கள் சிலர் நீர் விளையாட்டுக்கு இறங்கினார்கள். மலைமேல் பெய்த மழையால் திடீரென்று காட்டாறு வந்தது. 21 பேர் மாண்டார்கள். அவர்களில் 14 பேர் ஆஸ்திரேலியப் பிள்ளைகள். துக்கத்தில் கலந்துகொள்ளக் கவர்னர் ஜெனரல் சர் வில்லியம் டீன் புறப்பட்டுப் போனார். போகும்போது கான்பெராவில் தம் மாளிகைத் தோட்டத்தில் பூத்திருந்த வாட்டிலில் 14 கொத்துக்களைப் பறித்து எடுத்துக்கொண்டு போனார். அவரும் அவர் மனைவியும் பிள்ளைக்கு ஒன்றாக அவற்றை அந்த ஓடையில் விட்டார்கள்.

அந்த ஓடைத் தண்ணீரில் ரோஜாவை விட்டிருந்தால் அது ஒரு மரியாதை. வாட்டிலை விட்டதால் அது வீடு. இதற்குமேல் அந்தப் பூவுக்கு எந்தச் சட்டமும் சாட்சியும் வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், பேரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேலம்பூ விவகாரத்தை அவன் மறக்கவில்லை.

"தாத்தா, உங்க ஊர்ல அந்தப் பூவை யாராவது சட்டையில குத்திக்குவாங்களா?"

"இல்லையப்பா. அது ஆட்டுக்காரப் பையன் தலையில் தானாக உதிரும். தட்டிவிட்டுப் போவான்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அடுத்த தடவை நான் அங்கே வரும்போது காட்டுவீங்களா?" என்றான்.

காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வாசல் திண்ணையில் இருந்த வாட்டில் கொத்து அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. அதை என் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். இப்போது இதை எழுதும்போது பக்கத்தைப் புரட்டினால் மஞ்சள் தூளாக உதிர்கிறது. எங்கள் கண்மாய்க் கரையில் பழைய கருவேல மரம் ஒன்றுதான் பாக்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேலம் வந்துவிட்டது. பேரன் வருகிற வரையில் அந்த மரத்தை யாரும் வெட்டாமல் இருக்க வேண்டும்.